கருப்பு விழுந்த பானை

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பெற்று நான்கை ஆளாக்கினேன். அந்த நான்கும் கொடுக்காத தலைவலியை மூத்தவன் கட்டிக்கொண்டு வந்தவள் கொடுத்தாள். எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் ஒரு பானை இருக்கிறது. கழுத்தில் பெருவிரல் அளவு கருப்பு, உடம்பெல்லாம் ஒட்டுப் போட்ட கோடு. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு கொழுந்துக் கூடை தூக்கியவள் நான். என் எழுத்து தேயிலை நிரை போல நேராக வராது. அதற்காக இன்னொருவரை விட்டு எழுதச் சொல்ல மாட்டேன்.

அந்தப் பானையைப் பொங்கலுக்கென்று நோர்வூட் டவுனில் வாங்கினோம். சூளையில் கருகிய இடத்தைக் காட்டி, வேறு எடுங்கள் என்றேன். என் வீட்டுக்காரர் கேட்டால்தானே. கடைக்காரர் முன்னாலேயே, "கருப்பா இருந்தா என்ன, ஒன்னையக் கட்டிக்கிட்டு நான் காலந்தள்ளலயா?" என்றார். தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து சேரும்வரை நான் வாய் திறக்கவில்லை. அந்தப் பொங்கலைப் பார்க்க அவர் இருக்கவில்லை. மார்கழி மழையில் போய்ச் சேர்ந்தார். மண் சரிந்து ரோடு மூடிக் கிடந்ததால் வேறு பானை வாங்க வழியில்லை. அதையே கொள்ளிக்குடமாக மூத்தவன் தோளில் ஏற்றினார்கள்.

எங்கள் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. லயத்து வாசலோடு நின்றுவிடுவோம். அங்கே நடப்பது ஆண்கள் சொல்லித்தான் தெரியும். தண்ணீர் நிறைந்த குடத்தோடு மகன் சுற்றி வருவான். சுற்றுக்கு ஒன்றாகக் கத்தி முனையால் ஓட்டை போடுவார்கள். மூன்றாவது சுற்று முடிந்ததும் குடத்தைப் பின்னால் போட்டு உடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். போனவருக்கும் வீட்டுக்கும் இருந்த கட்டு அதோடு அறுந்துவிடும்.

மருமகள் அட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறாள். பிள்ளைகளைக் கொழும்பு நூதனசாலைக்குக் கூட்டிப்போய் வந்த நாளிலிருந்து பிடித்தது வினை. அந்தக் காலத்தில் செத்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகளை, சில்லுச் சில்லாக ஒட்டி, இல்லாத இடத்துக்கு வெள்ளைச் சாந்து பூசி அங்கே நிறுத்தியிருக்கிறார்களாம். இவளும் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மழைத்தண்ணீர் ஓடும் கானிலும் தேயிலைத் தூரிலும் கிடந்த சில்லையெல்லாம் பொறுக்கினாள். துரை பங்களாவின் நீலப்பூப் பீங்கான், பழைய லயத்துச் சட்டி, எதையும் விடவில்லை. சட்டியின் வாய்க்குப் பீங்கானின் வயிற்றை ஒட்டிவிட்டு, அதற்குக் கலை என்று பெயர் சொன்னாள். வாசல் திண்ணை, அந்த இஸ்தோப்பில் கால் வைக்க இடமில்லை. அரிசி புடைக்கிற என் சுளகில் சில்லு காய்ந்தது. பசை நாற்றத்தில் ஒரு பிளேன்டீ குடிக்க முடியவில்லை. மகனிடம் சொன்னால், "விடுங்கம்மா, அவ பாட்டுக்குச் சும்மாதானே இருக்கா" என்பான். சும்மா இருக்கிற லட்சணம் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுளகை எடுக்கப் போனவள் அந்தக் கருப்பைப் பார்த்தேன். பானை முழுசாக நின்றது.

"எங்கேருந்து புள்ள எடுத்தே இத?"

"மயானத்துக்குக் கீழ, ஆத்தோரத்துல அத்தை. மழை இழுத்துட்டு வந்திருக்கு. சில்லெல்லாம் ஒரே எடத்துல கெடந்துச்சு. கண்காட்சிக்கு இதத்தான் அனுப்பப் போறேன்."

"இது ஒங்க மாமாவோட கொள்ளிக்குடம்."

அவளும் மயானத்தை மிதிக்காதவள்தானே. குடம் உடைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். ஓட்டை போடுவது தெரியாது. கல் குத்திய ஓட்டை என்று நினைத்து, அடைப்பதற்குச் சாந்து குழைத்துத் தயாராக வைத்திருந்தாள். அறுத்து அனுப்பிய கட்டை இவள் பசை போட்டு ஒட்டிவிட்டாளே! அந்த மனிதர் போகவும் முடியாமல் வரவும் முடியாமல் நடுவழியில் நின்றால் யார் பதில் சொல்வது? கத்தித் தீர்த்தேன். அவள் பானையைத் தூக்கி என் கையில் வைத்தாள்.

"தெரியாமப் பண்ணிட்டேன் அத்தை. நீங்களே ஒடைச்சிருங்க."

மலைத்தண்ணீர் குழாயாகக் கொட்டும் பீலிக்கரைக்குக் கொண்டு போனேன். கல்லில் போடுவதற்காக ஓங்கியபோது பீலித் தண்ணீர் பானைக்குள் விழுந்தது. விழுந்த வேகத்தில் மூன்று ஓட்டை வழியாகவும் வெளியே ஓடியது. ஒரு சொட்டு உள்ளே தங்கவில்லை. மகன் தோளில் அன்றைக்கும் இப்படித்தான் ஓடியிருக்கும். வாசலோடு நின்றுவிட்ட நான், அதை இப்போதுதான் பார்த்தேன். கை கீழே இறங்கிவிட்டது. இவள் எத்தனை பசை போட்டால் என்ன, அவர் போன வழி திறந்துதான் கிடக்கிறது.

திரும்பக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். "ஒன் சாந்த வேற எங்கயாவது பூசிக்க. இந்த மூணு ஓட்டையில கைய வச்சே, அப்பறம் நானே போட்டு ஒடைப்பேன்."

இப்போது, கண்காட்சியில் பானைக்குப் பக்கத்தில் வைக்க நாலு வரி எழுதித் தாருங்கள் அத்தை என்கிறாள். பொறுக்குவது அவளாம், எழுதுவது நானாம். அதுவரை பானை வீட்டில்தான் இருக்கும், துடைப்பதும் நான்தான். அன்று கடையில் அவருக்குச் சொல்லாமல் விட்ட பதிலை, அந்தக் கருப்பைத் துடைக்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பேத்தி, இங்கே வா. எழுதியதை முதலிலிருந்து வாசி, சரியா என்று பார்ப்போம். ஓட்டையில் கை வைக்கக் கூடாது என்கிற இடத்தை மட்டும் சத்தமாக வாசி. உன் அம்மா அடுப்படியில்தான் நிற்கிறாள்.