நிக்கலில் வளராத கரி

வேதியியல் படித்து முடித்ததும் லெம்பா பெர்த்தாம் என்ற மலையூரில், ஒரு காய்கறித் தோட்டத்தின் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் எனக்கு வேலை கிடைத்தது. தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய் வருவேன். மூடிய தொட்டியில் கோழி எரு அழுகி மீத்தேன் வாயு கிளம்பும். அதை உலைக்குள் இருக்கும் குழாயில் விடுவோம். குழாயில் ஒரு சிறு தட்டு, அதில் நிக்கல் பொடி. சூட்டில் மீத்தேன் உடைந்து, கரி மட்டும் நிக்கல் துகள்களைப் பற்றிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகளாக வளர வேண்டும். அந்த இழைகளுக்கு நல்ல விலை.

வளரவில்லை. எரு வாயுவில் அழுகிய முட்டைபோல் நாறும் கந்தகம் இருந்தது. அது நிக்கலைச் சாகடித்துவிடும், முதலில் வாயுவைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று முதலாளியிடம் பலமுறை சொன்னேன். அப்புறம் பார்க்கலாம் என்பார். குழாயைத் திறந்தால் போட்ட நிக்கல் அப்படியே கிடக்கும், ஓரத்தில் பிசுபிசுவென்று கறை. தொட்டியைச் சுற்றி மொய்த்த ஈக்கள் என் சோற்றிலும் வந்து உட்காரும். வீட்டுக்குள் நுழையுமுன் தலை கழுவச் சொல்லி அம்மா வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

பணம் போட்டிருந்த ஓர் அம்மாள் ஈப்போ நகரத்திலிருந்து பார்க்க வந்த அன்று, முதலாளி தட்டைத் துடைத்து, விலைக்கு வாங்கிய கரிப்பொடியைக் கொட்டினார்.

"கேட்டா இங்க வளர்ந்ததுன்னு சொல்லிடும்மா. அவங்களுக்கு என்ன தெரியப் போவுது லா."

விரலில் ஒட்டிய கரியை என் வெள்ளைக் கோட்டின் ஓரத்தில் துடைத்துவிட்டுப் போனார். தண்ணீர்விட்டுத் தேய்த்தேன், கறை போகவில்லை.

இது இங்கே வளர்ந்ததுதானா என்று அந்த அம்மாள் என்னிடமே கேட்டார். "இல்ல மேடம், வெளிய வாங்கிப் போட்டது. இங்க இன்னும் ஒண்ணும் வளரல" என்றேன். முதலாளி நான் விளையாடுவதாகச் சொல்லிச் சிரித்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நான் கூட்டிட்டு வந்தவரு வெளிய கார்ல இருக்காரு, அவருகிட்ட இத சொல்லிடாதம்மா. அவரு பணம் போட்டாத்தான் என் பணம் திரும்பும்."

தொட்டி நாற்றமே தேவலை என்று தோன்றியது. நேராகக் காருக்குப் போய், கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்த அந்தப் பெரியவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொட்டகைக்குள் வராமலே கிளம்பிவிட்டார். மாலையில் என் வேலையும் போனது.

இப்போது வேறோர் ஆய்வகத்தில், சுத்தமான வாயுவில் இழைகளை வளர்க்கிறேன். நன்றாகவே வளர்கின்றன. ஆனால் யாரோ பார்க்க வருகிறார்கள் என்று சொன்னாலே என் கோட்டின் ஓரத்தைத் தேய்த்துக் கழுவப் போய்விடுகிறேன்.