தும்மல் உத்தியோகம்

எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிய காரின் பின்சீட்டில், கைகளை முழங்கால் மேல் வைத்து, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார் மூக்கு சார். சட்டைப் பித்தான் கழுத்துவரை போட்டிருக்கிறது. மடியில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை. வெளியே காரின் சொந்தக்காரர் பரீட்சை முடிவு பார்க்க வந்தவர் மாதிரி கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நிற்கிறார். மூக்கு சார் தும்மினால் கார் தோற்றுவிட்டது, மறுபடி கழுவவேண்டும். தும்மாமல் இறங்கினால் தேறிவிட்டது. இதுதான் அவருடைய உத்தியோகம்.

இதற்கு முன்னால் பார்த்த வேலைகள் ஒன்றும் தங்கவில்லை. ஜவுளிக்கடையில் புதுத்துணிக்குத் தும்மினார், அச்சகத்தில் மைக்குத் தும்மினார், மருந்துக்கடையில் எதற்கென்று தெரியாமலே தும்மினார். கடைசியில் அக்கா வீட்டுத் திண்டாட்டங்களில் ஒன்றாக வந்து சேர்ந்தார். 'தண்டச்சோறு' என்ற பட்டத்தை அக்கா புருஷன்தான் வழங்கினார்.

அக்கா புருஷனுக்குக் கார் கழுவும் தொழில். ஷாம்பு, பாலீஷ், செண்ட் எதுவும் ஒத்துக்கொள்ளாமல் தலைவலியும் மூச்சிரைப்பும் வருகிறவர்களுக்காகவே ஒரு ஷெட் போட்டிருக்கிறார். சீட்டின் மேல் சமையல் சோடாவைத் தூவி ஊறவிட்டு உறிஞ்சி எடுப்பார். வினிகர் கலந்த தண்ணீரில் பிழிந்த துணியால் துடைப்பார். ஏசி துவாரங்களைப் பழைய பல் பிரஷ்ஷால் குடைவார். பிறகு நாலு கதவையும் திறந்து வெயிலில் காயப்போடுவார். எல்லாம் சரி, சுத்தமாகிவிட்டது என்று எப்படி நம்புவது? வாடிக்கையாளர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அந்த நேரம் பார்த்து டீ கொண்டுவந்த மச்சான், அரைகுறையாகக் கழுவிய ஒரு காருக்குள் எட்டிப்பார்த்துத் தும்மினார். கல்யாணமான நாளிலிருந்து பார்க்காத பாசத்தோடு அத்தான் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

அன்றிலிருந்து வீட்டில் மரியாதையே வேறு. "டூட்டிக்கு முன்னாடி வெங்காயம் ஆகாதுக்கா" என்பார். "மூக்குக்கு ரெஸ்ட் வேணும், கதவைச் சாத்திட்டுப் போ" என்பார். அவருக்காக வாசனைச் சோப்பு, முகப்பவுடர், தலைக்குப் போடும் எண்ணெய் எல்லாம் வீட்டை விட்டு வெளியேறின. அக்கா சொல்லிப்பார்த்துச் சலித்துவிட்டாள். "சம்பாதிக்கிறது மூக்கு, திங்கிறது வாய். ரெண்டும் ஒரே மூஞ்சியில இருக்கேன்னு பொறுத்துக்கறேன்."

வினை அங்கேதான் வந்தது. வாசனையே இல்லாத வீட்டில் வாழ்ந்து வாழ்ந்து, ஒருநாள் மூக்கு சாருக்குத் தும்மல் நின்றுபோனது. அக்கா பீரோவில் ஒளித்து வைத்திருந்த பவுடர் டப்பாவுக்குள் மூக்கை விட்டுப் பார்த்தார். பினாயில் புட்டியை மோந்து பார்த்தார். வாசனை தெரிந்தது, தும்மல் வரவில்லை. மற்றவர்களுக்குத் தெரியாத வாசனைக்கும் தும்முவதல்லவா அவர் பெருமை? எத்தனையோ மருந்துக்கு அடங்காத நோய் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். உடம்பு குணமானதற்காக இப்படி அழுதவர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும்.

இந்தச் சமயத்தில்தான் பாட்டு டீச்சர் வந்தார். செண்ட் வாசனை பட்டால் டீச்சருக்குத் தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிடும். மகன் வாங்கிய பழைய காரிலோ, முன்பு வைத்திருந்தவர் ஏசி துவாரத்துக்குள்ளேயே செண்டை ஊற்றி வளர்த்திருந்தார். அதனால் வெளியே போகும்போது மகன் காரை உருட்டிக்கொண்டே வர, டீச்சர் பக்கத்தில் நடந்து வருவார். இருவரும் ஜன்னல் வழியாகக் குடும்ப விஷயம் பேசிக்கொள்வார்கள். ஷெட்டுக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தார்கள்.

கழுவி முடித்ததும் மூக்கு சார் உள்ளே உட்கார்ந்தார். தும்மல் வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே டீச்சர் கைப்பையை அணைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தேறியது என்று சொல்லி, அந்த அம்மாளுக்கு நடுரோட்டில் மூச்சு நின்றால்? உண்மையைச் சொன்னாலோ, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே பழைய பட்டம் திரும்பி வந்துவிடும். யோசித்தார். பொய்யாக ஒரு தும்மல் போட்டார்.

அத்தான் முகம் சுளிக்காமல் மறுபடி கழுவினார். மறுபடியும் தும்மல். சீட்டுகளைக் கழற்றி வெளியே போட்டார். கால்மிதிகள் கொடியில் தொங்கின. கூரைத்துணிகூட வெயிலுக்கு வந்துவிட்டது. வெறும் தகரத்தின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து மூக்கு சார் இன்னொரு முறை தும்மினார்.

"உள்ள இப்ப உன்னைத் தவிர ஒண்ணுமே இல்லியே மச்சான்" என்றார் அத்தான். ஆனாலும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு டீச்சரின் மகனிடம் பெருமையாகச் சொன்னார்: "என் மச்சான் மூக்கு பொய் சொல்லாது சார்."

மூக்கு சாருக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது.

டீச்சர் ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கி, காருக்குள் போட்டு, தானும் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"இறங்கிடுங்க டீச்சர்" என்று பதறினார் மூக்கு சார். "எனக்குத் தும்மல் நின்னு போச்சு. நான் தும்மினது எல்லாம் பொய். என்னை நம்பாதீங்க."

"தெரியும் தம்பி. நிஜத் தும்மல்னா கண்ணுல தண்ணி நிக்கும். உங்க கண்ணு முதல் தடவையே காஞ்சு கிடந்துச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க தும்மத் தும்ம அவர் நல்லாத் தேய்க்கிறாரே. நான் எதுக்குக் கெடுக்கணும்?"

சொல்லிவிட்டு டீச்சர் மூச்சை இழுத்து, கீழிருந்து மேலாக ஒவ்வொரு ஸ்வரமாக ஏற்றிக்கொண்டே போனார். தொண்டை எங்கும் தட்டவில்லை. வெளியே மகன் அப்படியே நின்றுவிட்டான்.

சீட்டுகள் திரும்பப் பொருத்தப்பட்டன. டீச்சர் முதல்முறையாக மகனுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். அத்தான் ஜன்னலில் குனிந்தார். "கடைசியா ஒருதடவை மச்சான் உட்கார்ந்து பார்த்திருக்கலாம். தும்மாம இறங்கினாத்தான் எனக்குத் திருப்தி."

டீச்சர் அவர் முகத்துக்கு நேராக ஒரு தும்மல் தும்மினார். கண் காய்ந்துதான் இருந்தது.

"வண்டி நல்லாருக்கு. உங்க சட்டையிலதான் என்னமோ வாசனை. தம்பிகிட்ட காட்டிக் கேளுங்க. அவர் மூக்கு மாதிரி வராது."

காரின் கண்ணாடி ஏறியது. தாயும் மகனும் போய்விட்டார்கள்.

அத்தான் கவலையோடு தன் காலரை மோந்து பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. மச்சான் பக்கம் திரும்பி, மேல் பித்தானைக் கழற்றி, கழுத்தை நீட்டிக் காட்டினார்.

"பாரு மச்சான். நீ சொன்னா சரி."

மூக்கு சார் கைக்குட்டையை விரித்தார். கண்ணை மூடிக் குனிந்து, நிதானமாக மூச்சை இழுத்தார். பிறகு ஷெட்டுத் தகரம் அதிர ஒரு தும்மல் தும்மினார். நிமிர்ந்தபோது இரண்டு கண்களிலும் தண்ணீர் நின்றது.