பத்தொன்பது பற்கள்

பழைய இசைப்பெட்டிகளைப் பழுதுபார்க்கும் அந்தக் கடையில் அண்ணனுக்குப் பெயர் 'முதலாளி'. தம்பிக்குப் பெயர் 'பல்லுடைச்சான்'. இருபது வருடங்களாக அப்படித்தான். பட்டப்பெயர் வைப்பதில் மட்டும் யாருக்கும் சோம்பலே வருவதில்லை.

பித்தளை உருளையில் சின்னச் சின்ன முட்கள். அவை எஃகுச் சீப்பின் பற்களைத் தட்டினால் பாட்டு. உருளை தறிகெட்டு ஓடாமல் பிடித்து வைப்பது நகத்தளவு விசிறி ஒன்று. சாவி கொடுத்த ஸ்பிரிங்கை முழுக்கத் தளர்த்தாமல் அந்த விசிறியைக் கழற்றக் கூடாது. தொழிலில் முதல் பாடமே அதுதான்.

இருபது வருடங்களுக்கு முன் ஒரு நாள் தம்பி விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உருளை தலைதெறிக்க ஓடி, கண்மூடித் திறப்பதற்குள் பத்தொன்பது பற்கள் உடைந்தன. விசிறியின் திருகாணியில் கை வைத்தோமா? நினைவில்லை. பதறிப்போய், "என் தப்புதான்" என்று அவனே சொல்லிவிட்டான். பெட்டியின் சொந்தக்காரர் வாயில் வந்தபடி திட்டிவிட்டுப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அண்ணன் அவனை இயந்திரத்தைப் பழுதுபார்க்க விடவில்லை. மரப்பெட்டிகளுக்கு மெருகு போடும் வேலைதான். அவனும் மறுநாளே மெருகுத் துணியைக் கையில் எடுத்தான். அவ்வளவு நல்ல பிள்ளை!

போன மாதம் அந்தச் சொந்தக்காரரின் மகள் அதே பெட்டியைக் கொண்டுவந்தாள். அன்று மூடியதை யாரும் திறந்திருக்கவில்லை. மெருகு போடுவதற்காக இயந்திரத்தை வெளியே எடுத்த தம்பி அப்படியே உட்கார்ந்துவிட்டான். விசிறியின் திருகாணி இறுக்கமாக இருந்தது. அவன் கழற்றவே இல்லை. விசிறியின் அச்சைத் தாங்கும் மூடிதான் பெயர்ந்து, விசிறியை நழுவ விட்டிருந்தது. அடியில் சிவப்பு அரக்கு. திருகாணி போட வேண்டிய இடத்தில் அரக்கை வைத்து ஒப்பேற்றும் பழக்கம் அந்தக் கடையில் ஒருவருக்குத்தான் உண்டு.

"அண்ணா, இது நீ ஒட்டினது."

அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆமா. உன் கைக்கு வர்றதுக்கு முன்னாடி நான்தான் பார்த்தேன். அன்னைக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீதான் முந்திக்கிட்டு ஒத்துக்கிட்டியே. நான் என்ன பண்ண?"

"இதை நான்தான் சரிபண்ணுவேன்" என்று தம்பி பெட்டியைத் தன் பக்கம் இழுத்தான். புதுப் பல் ஒன்றை இடுக்கியால் எடுத்துச் சீப்பில் வைக்கப் போனான். துணியைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்தே தடித்துப்போன விரல்களுக்கு இடுக்கி அடங்கவில்லை. பல் விழுந்தது. தேடி எடுத்தான், மறுபடியும் விழுந்தது. மூன்றாம் முறை சீப்பைத் தொடும் முன்பே நழுவியது.

அண்ணன் எழுந்து வந்தான். "விடுடா. உனக்கு இது வராது."

அதில் பொய்யில்லை. அதைத்தான் தம்பியால் தாங்க முடியவில்லை. இடுக்கியை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தான்.