மூக்கால் சிரிக்கிறவர்

என் கணவருக்குப் பகிடி வாயில் இல்லை, மூக்கில் இருக்கிறது. நான் வைத்த சொதியை ருசி பார்த்ததும் இடது நாசி மட்டும் கொஞ்சம் மேலே ஏறும். சொதி நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கு விளங்கிவிடும். வாயால் புகழ்ந்தால் கண்ணூறு போல நாவூறும் பட்டுவிடும் என்று கேட்டு வளர்ந்தவர். மகள் பிறந்தபோது, "உதென்ன தேங்காய்த் தலை" என்று மூக்கைச் சுளித்துவிட்டு, நாள் முழுக்க அவளைக் கீழே விடாத மனுசன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வெக்ஸ்போர்ட்டில் ஒரு சனிக்கிழமை வகுப்பில் பழைய கிரேக்கம் படிக்கச் சேர்ந்தேன். ஆசைதான், வேறு காரணமில்லை. மல்வேர்னில் எங்கள் வீட்டிலிருந்து அவர்தான் காரில் கொண்டுபோய் இறக்குவார். நான் இறங்கும்போதெல்லாம் அவர் நாசி ஏறும்.

அங்கே கேலிக்கு ஒரு சொல் படித்தோம்: மிக்டேரிஸோ. மிக்டேர் என்றால் நாசி. அதிலிருந்து வந்த இந்த வினைக்கு, மூக்கைத் தூக்கி ஏளனம் செய்கிறேன் என்று பொருள். மிக்டேரிஸ்மோஸ் அந்த ஏளனம், மிக்டேரிஸ்டேஸ் அதைச் செய்கிறவர். முன்னால் 'எக்' சேர்ந்தால் கேலி இன்னும் முற்றிவிடும். என் வீட்டு மனுசருக்கு இத்தனை வடிவமா என்று வகுப்பிலேயே சிரித்துவிட்டேன்.

மாசிப் பனிக்குள் ஒரு நாள், எழுந்து நின்று ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார்கள். பாதியில் நாக்குப் புரளவில்லை, உட்கார்ந்துவிட்டேன். காரில் ஏறியதும் அவரிடம் சொன்னேன்.

"பரவாயில்லை. நல்லாத்தான் படிக்கிறீர்" என்றார்.

மூக்கு அசையவேயில்லை. வந்த விருந்தாளிக்குச் சொல்வதுபோல மரியாதையாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பகிடிக்குக்கூட ஆகாமல் போய்விட்டேனா என்று கோபமும் வந்தது. அந்த மூக்கைத் திரும்ப ஏற வைக்காமல் விடுவதில்லை என்று, கறிக்கு வெங்காயம் வெட்டும்போதெல்லாம் அதே பத்தியைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

கடைசி வகுப்புக்கு வீட்டாரையும் அழைத்திருந்தார்கள். அவர் ஜாக்கெட்டைக் கழற்றாமல் பின்வரிசையில் இருந்தார். தடங்கலில்லாமல் வாசித்து முடித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். நான் அவர் முகத்தைத்தான் பார்த்தேன். இடது நாசி மெல்ல ஏறியது.

"ஐயர் மந்திரம் சொன்ன மாதிரிக் கிடந்தது. ஒருத்தருக்கும் விளங்கியிராது" என்றார் காரில். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் என்னைக் கதிரையில் இருத்தி, உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்துத் தலையைச் சுற்றினார்.

"அத்தனை பேர் கைதட்டினவை. பேசாமல் இரும்."

முதல் சுற்று மிளகாயை அடுப்பில் போட்டதும் புகை அலாரம் கத்தத் தொடங்கியது. அவர் அதை நிறுத்தப் போகவில்லை. மூன்றாம் முறையும் சுற்றி முடித்துவிட்டுத்தான் போனார்.