கொட்டாங்கச்சியில் ஒரு வேலிக்கொடி

என் மனைவியின் மார்பில் ஒரு கட்டி. ஊசியால் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வர மூன்று வாரம் ஆகும் என்று டாக்டர் ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், விதை போட்டது. சிறுபூனைக்காலி விதை. வாய்க்கால் வேலிகளில் தானாகப் படர்ந்து கிடக்கும் கொடி. வலை போட்டு மூடினாற்போல் சின்னச் சின்னப் பழம். இலையைக் கசக்கினால் நாறும், அதனால் யாரும் அதை வீட்டில் வளர்க்க மாட்டார்கள். பூ மட்டும் அப்படியொரு அழகு. வெள்ளை இதழ்களுக்கு நடுவே ஊதா இழைகள் வட்டமாக நிற்கும். சின்ன வயதில் அவளுக்கு ஞானோபதேச வகுப்பில் அதைக் காட்டித்தான் ஆண்டவரின் முள்முடியைச் சொல்லிக்கொடுத்தார்களாம்.

பழத்தைப் பிதுக்கி, கொழகொழப்புப் போகத் தேய்த்துக் கழுவி, ஒரு ராத்திரி ஊறவைத்தாள். வீடு பூசி மிச்சமான ஆற்று மணலைக் கொட்டாங்கச்சியில் நிரப்பி, ஒரே ஒரு விதையை அழுத்தினாள்.

"நாலஞ்சு போடேன்" என்றேன்.

"ஒண்ணு போதுங்க. இது முளைச்சா எனக்கு ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்."

சகுனம் பார்ப்பவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. பூனை குறுக்கே போனதென்று நின்ற பக்கத்து வீட்டம்மாவைப் பிடிபிடியென்று பிடித்தவள். அவளே இப்படிச் சொன்னபோதுதான் எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது.

ஒரு வாரம் போனது. பத்து நாள் போனது. மணல் மணலாகவே இருந்தது. காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பாள், குனிந்து பார்ப்பாள், உள்ளே வந்துவிடுவாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் கையை வைத்தபடி உட்கார்ந்திருப்பேன். ஒரு விதை நம்மை இப்படி ஆட்டிவைக்கிறதே என்று கொட்டாங்கச்சியை எட்டி உதைக்கலாம்போல் இருக்கும்.

பதின்மூன்றாம் நாள் காலை அவள் பூசைக்குப் போனதும் வண்டியை எடுத்துக்கொண்டு விழிதியூர் வயல்பக்கம் போனேன். வாய்க்கால் வேலியடியில் கன்றுகள் நிறைய முளைத்திருந்தன. இருப்பதிலேயே சின்னதாக, இரண்டே இலை விட்ட ஒன்றைப் பெயர்த்து, ஈரக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தேன். வேர் அறுந்துவிடுமோ என்று பயந்து கழுவாமல், ஒட்டிய மண்ணோடு அப்படியே கொட்டாங்கச்சியின் ஓரத்தில் நட்டுவைத்தேன்.

பூசை முடிந்து வந்தவள் அதன் எதிரில் வெகுநேரம் குந்தியிருந்தாள். விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"முளைச்சிருச்சுங்க."

"நான்தான் சொன்னேனே" என்றேன். அன்றைக்கு மீன்குழம்பு. இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அதன்பின் அவள் பேச்சு குறைந்தது. நிம்மதி வந்துவிட்டது என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அதிலிருந்து எட்டாம் நாள் ரிப்போர்ட் வந்தது. "சாதாரணக் கட்டிதாம்மா, பயப்பட ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டர். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். இத்தனை வருடத்தில் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. விதைதான் முன்பே நல்ல சேதி சொல்லிவிட்டதே, பிறகு ஏன் இந்த அழுகை என்று எனக்குத் திக்கென்றது.

ஆட்டோவில் திரும்பும்போது பொறுக்க முடியவில்லை. "அந்தச் செடி..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். நான் போட்டது ஆத்து மணல். செடி வேர்ல இருந்தது வயக்காட்டுக் களி. தொட்டதுமே தெரிஞ்சிருச்சு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன். "அப்பவே கேட்டிருக்கலாமே?"

"அன்னைக்குத்தான் நீங்க சாப்பிட்டீங்க."

அவள் போட்ட விதை அதற்குப் பத்து நாள் கழித்து, தன் பாட்டுக்கு முளைத்தது. இந்த விதை முளைக்க ஒரு மாதம்கூட ஆகும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டோம். வாசல் கேட்டடியில் எடுத்து நட்ட இரண்டு கொடியும் இப்போது அதில் பின்னிக் கிடக்கின்றன. காலையில் பூ விரிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாள். நானும் போய்ப் பார்க்கிறேன். ஆனால் பூவைப் பார்க்கும்போதெல்லாம் அந்த எட்டு நாள்தான் நினைவுக்கு வருகிறது. தன் விதை முளைக்கவில்லை என்று தெரிந்துகொண்டே, என் தட்டுக்கு எதிரில் நின்று, "இன்னும் கொஞ்சம் சோறு போடவா?" என்று கேட்டிருக்கிறாள். நானும் "போடு" என்றிருக்கிறேன்.