எந்தத் திருப்பமும் தவறவில்லை

என் மனைவியை எங்கள் சபையில் ரொட்டிக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ரொட்டித் தொழிற்சாலையின் வேனை ஓட்டுகிறாள். சபையின் மாதப் பத்திரிகையில் கடைசிப் பக்கம் அவளுடையது. ராக், பாப் என்று புதிதாக வரும் கிறிஸ்தவ ஆல்பங்களைக் கேட்டு விமர்சனம் எழுதுவாள். அதற்காகவே பத்திரிகையைப் பின்னாலிருந்து புரட்டுகிறவர்கள் உண்டு.

அவள் பாட்டுக் கேட்பது வேனில்தான். வீட்டில் உட்கார்ந்து கேட்டால் எல்லாமே நல்ல பாட்டாகத்தான் தெரியும் என்பாள். திரும்ப வேண்டிய தெருவைக் கவனிக்காமல் நேராகப் போய்விட்டாள் என்றால் அது பாட்டு. "இரண்டாம் பாட்டில் பாலம் வரை போய்த் திரும்பி வந்தேன்" என்று எழுதினால் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. கடவுள் பெயரைச் சொன்னால் கிதாருக்குச் சுருதி சேர்ந்துவிடுமா என்று ஒருமுறை எழுதி, ஒரு பாடகரின் ரசிகர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். மறுமாதமும் அதையே எழுதினாள். கொழுப்பு என்றார்கள். கொழுப்புதான், யார் இல்லை என்றது?

இப்படிப்பட்டவளின் கைக்கு எங்கள் ஆல்பம் போனது. எங்கள் என்றால் சபையின் சொந்த ராக் குழு. போதகரின் மருமகன் பாடகர். டிரம்ஸ் அடியேன், வாரநாளில் ஃபிரிட்ஜ் மெக்கானிக். பத்திரிகைக்கும் போதகர்தான் ஆசிரியர். ஆராதனை முடிந்ததும் என்னை ஓரங்கட்டினார்.

"தம்பி, நம்ம பிள்ளைங்க ஆல்பம். வீட்டுல கொஞ்சம் சொல்லி வைங்க."

"சொல்லலாம் பாஸ்டர். கேக்கணுமே!"

சொன்னேன். கரண்டியை நிறுத்தாமலே, "நீங்க அடிக்கிறதை அடிங்க, நான் எழுதுறதை எழுதுறேன்," என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டின புருஷனின் ஆல்பத்துக்கு நாலு நல்ல வார்த்தை எழுதினால் கை ஒடிந்துவிடுமா?

பத்திரிகை வந்தது. கடைசிப் பக்கத்தைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். "ஆத்துமாவைத் தொடும் அபிஷேகப் பாடல்கள். ஒவ்வொரு இல்லத்திலும் இருக்க வேண்டிய பொக்கிஷம்." கீழே அவள் பெயர். தலைகால் புரியாமல் எடுத்துக்கொண்டு ஓடினேன். படித்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"இது நான் எழுதினதே இல்ல. பொக்கிஷம்னு நான் என்னைக்குங்க எழுதியிருக்கேன்?"

அங்கேயே போதகருக்குப் போன் போட்டாள். "பிடிக்கலைன்னா போடாம விட்டிருக்கலாம் பாஸ்டர், அது உங்க இஷ்டம். என் பேருக்கு மேல உங்க வார்த்தையைப் போட யாரைக் கேட்டீங்க?" சபையின் ஒற்றுமை, ஊழியத்தின் நன்மை என்று அவர் இழுத்தார். திருத்தம் போடுவீர்களா என்று கேட்டாள். மாட்டாராம்.

எதற்கும் கலங்காதவள் அன்று அடுப்படியில் நின்று அழுதாள். "இனிமே நான் ஒண்ணை நல்லா இருக்குன்னு சொன்னா எவன் நம்புவான்?"

வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் நிரம்பி வழிந்தது. நாங்கள் மேடையில் தயாராக இருந்தோம். போதகருக்கு என்ன துணிச்சல் பாருங்கள், மைக்கைப் பிடித்து, "நம்ம ரொட்டிக்காரம்மாவே பாராட்டின ஆல்பம்!" என்றார். கைதட்டல். பின்வரிசையில் அவள் எழுந்தாள். கடைகடையாகக் குரல் கொடுத்துப் பழகிய தொண்டை, மைக் தேவைப்படவில்லை.

"நான் பாராட்டல. அந்தப் பக்கத்துல ஒரு வார்த்தைகூட என்னோடது இல்ல. நான் எழுதினதை இப்பச் சொல்றேன்."

போதகர் எங்கள் பக்கம் திரும்பி, வாசியுங்கள் என்று கையை வேகமாக ஆட்டினார். மருமகன் கிதாரைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். குழுவே என்னைப் பார்த்தது. குச்சியைத் தட்டி நான் எண்ணினால்தான் எங்களுக்குப் பாட்டு தொடங்கும். அப்போதும் எனக்கு அவள்மேல் கோபம்தான். ஆனால் என் பெண்டாட்டியின் வாயை அடைக்க என் டிரம்ஸா? குச்சிகளை மடியில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன்.

"தம்பி, ஆரம்பிங்க!"

"அவ முடிக்கட்டும் பாஸ்டர்."

முடித்தாள். "சத்தம் பெருசா இருக்கு. பாடுறவருக்கு என்ன வலி, என்ன சந்தோஷம்னு கடைசி வரைக்கும் தெரியல. முழுசாக் கேட்டேன். ஒரு திருப்பமும் தவறல. எல்லா ரொட்டியும் நேரத்துக்குப் போய்ச் சேந்துடுச்சு."

யாரோ களுக்கென்று சிரிக்க, சிரிப்பு மண்டபம் முழுக்கப் பரவியது. மருமகனின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

வேனில் வீடு திரும்பும்போது, "உன் கடைசிப் பக்கம் போச்சு," என்றேன்.

"போகட்டும். போன்ல எழுதி அனுப்புறேன். வேணும்கிறவங்க படிக்கட்டும்."

"எல்லாம் சரி. டிரம்ஸ் பத்தி ஒரு வரிகூட இல்லையே?"

கியரை மாற்றினாள். "இருந்துச்சு. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு நானே எடுத்துட்டேன்."

"எடுத்துட்டியா? பாடின மனுஷனை ஊர் முன்னாடி நிக்க வச்சுட்டு, எனக்கு மட்டும் சலுகையா? என்ன எழுதினே, சொல்லு!"

"மூணாவது பாட்டுல ஓடுறீங்க. பாடுறவருக்கு மூச்சு வாங்கக்கூட இடம் கொடுக்கல."

சுருக்கென்று தைத்தது. அந்தப் பாட்டைத்தான் நான் ரசித்து ரசித்து அடித்திருந்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீடு வந்தது. வண்டியை நிறுத்தி, அவள் சாவியை உருவினாள்.

"அதையும் சேத்துப் போடு," என்றேன். "என் பேரைச் சொல்லியே போடு."