கிணற்றில் மீன் விட்ட டீச்சர்

செல்லம்மா டீச்சர் தவறிப்போய்விட்டார் என்று பூக்காரி வந்து சொன்னபோது வாளியைப் பாதி இழுத்திருந்தேன். கயிறு கையை விட்டு நழுவியது. லேபர் கேம்ப் பள்ளியில் அவரிடம் விஞ்ஞானம் படித்தவர்களும், கிங்ஸ் சர்க்கிளில் எங்கள் கட்டடத்தில் குடியிருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள். நான் அவரை அறிந்தது ஒரு கிணற்றின் மூலமாகத்தான். அதை மட்டும் சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் மலேரியா இலாகாக்காரர் வந்து எங்கள் கிணற்றை எட்டிப் பார்த்தார். தண்ணீர் முழுக்கக் கொசுப்புழு. "பந்த் கர்னா படேகா, மாஜி," என்றார். ஒரு மாதத்தில் புழு ஒழியாவிட்டால் சிமெண்டுப் பலகை போட்டு மூடிவிடுவார்களாம். பெருமாள் திருமஞ்சனத்துக்கு அந்தத் தண்ணீரைத் தவிர வேறெதையும் நான் தொட்டதில்லை. அன்று அழுதுகொண்டேதான் விளக்கேற்றினேன்.

சேதி எப்படி எட்டியதோ, மறுவாரம் டீச்சர் பத்துப் பெண்களோடு வந்து நின்றார். ஒவ்வொருத்தி கையிலும் ஊறுகாய் பாட்டில். அதற்குள் செம்பூர்க் குட்டையில் பிடித்த குட்டிக் கப்பி மீன்கள். கொசுப்புழுவைத் தின்று தீர்த்துவிடுமாம்.

"மீனா! என் பெருமாள் தண்ணியிலேயா?" என்று கத்திவிட்டேன்.

"ஏன் மாமி, கங்கையில மீனு கெடையாதா? அதச் செம்புல அடைச்சு வச்சுக் கும்பிடுதீகளே!"

பெண்கள் சிரித்தார்கள். "கெணறு பொழச்சா மே மாசம் எங்க பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு கொடம். சம்மதமா?" என்றார் டீச்சர். லேபர் கேம்ப் குழாயடி வரிசையை நான் பார்த்திருக்கிறேன். தலையாட்டினேன்.

தினமும் ஒரு பெண் வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு புழுவை எண்ணுவாள். நான் பால் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுவேன். நாற்பது, இருபத்திரண்டு, ஒன்பது. உச்சி வெயிலில் எட்டிப் பார்த்தால் கிணற்றுக்குள் வானம் கிடக்கும். மேகத்துக்குள் நுழைந்து மேகத்தை விட்டு வெளியே போகும் மீன்கள். எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே மறந்துபோகும்.

பிறகு எண்ணிக்கை ஏறியது. பதினாறு. முப்பது. கெடுவுக்கு ஆறு நாள்தான் பாக்கி. டீச்சர் ஒன்றும் புரியாமல் நின்றார். எனக்குத்தான் காரணம் தெரியும். ஏகாதசியன்று, கோயில் குளத்து மீனுக்குப் போடுவதுபோல, ஒரு பிடி பொரி போட்டிருந்தேன். வாயைத் திறந்துகொண்டு அவை மேலே வந்த அழகில் சொக்கிப்போய் தினமும் போட்டேன். மற்ற மாமிகளும் தொடங்கிவிட்டார்கள். வயிறு நிறைந்த மீன் புழுவை ஏன் தேடும்?

"நான்தான் டீச்சர்," என்று பெண்கள் முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

"சரி மாமி. இனிமே மீனுக்கும் ஏகாதசி. ஆறு நாளு முழுப் பட்டினி!"

ஆறு நாளும் நானே காவல் நின்றேன். "பாவம்டி, வாயைத் திறக்கறது," என்றாள் எதிர்வீட்டு அலமேலு.

"திறக்கட்டும். உள்ளேயே சாப்பாடு இருக்கு," என்றேன்.

இலாகாக்காரர் வந்து மூன்று முறை மொண்டு பார்த்தார். கிண்ணத்தின் வெள்ளை அடிதான் தெரிந்தது. "டீக் ஹை, மாஜி," என்று கிணற்றை மூடும் நோட்டீசை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். அந்த மே மாதமே லேபர் கேம்ப் பெண்கள் குடத்தோடு வந்தார்கள். இப்போதும் வருகிறார்கள்.

நான் குற்றத்தை ஒப்புக்கொண்ட அன்று பத்துப் பெண்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் அவர்கள் பக்கத்திலிருந்து என் பக்கம் வந்து, கைப்பிடிச் சுவரில் என் கைக்கு அருகில் தன் கையை ஊன்றிக் குனிந்தார். ஆழத்தில் எங்கள் இரண்டு முகங்களும் சேர்ந்து தெரிந்தன. மீன்கள் இரண்டுக்கும் நடுவே போய்வந்தன. அந்த ஒரு காட்சியை எனக்கென்று வைத்துக்கொள்கிறேன்.